மலையை ஒத்த ஆசான்

ஆலங்காயம் என்னும் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே அடியார் நெஞ்சில் ஓர் ஆலமரம் நிழல் விரிக்கும். சிவாலயத்தில் கருவறையின் தென்புறத்தை வலம் வருவோர் சற்றே நின்று கைகூப்பும் இடம் அது. கல்லால மரத்தின் கீழ், முயலகன்மேல் வலத்தாளை ஊன்றி, சின்முத்திரை தாங்கித் தென்முகம் நோக்கி எழுந்தருளியிருக்கிறான் ஆலமர்செல்வன். அவன் திருவடியருகே சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியர் ஒருவர், மாணாக்கர் நால்வர். கட்டடம் இல்லை, பலகை இல்லை, வாய்ச்சொல்லும் இல்லை. ஆதிகுருவின் பள்ளியை முன்னோர் இவ்வளவு சிறியதாகவே கண்டு வணங்கினர்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வாணியம்பாடியை அடுத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்த பேரூராட்சி ஆலங்காயம். சாமையும் தேனும் பலாவும் விளையும் மலைக்கு அது ஒரு வாசல். இத்தகைய சிற்றூர்களில் அரசுப் பள்ளிகளோடு சிறு தனியார் பள்ளிகளும் நடைபெறுவது இந்நாளின் வழக்கமாகிவிட்டது. கோடை முடிந்து பள்ளி திறக்கும் காலம் வந்தால் இல்லந்தோறும் ஒரு பேச்சு எழும். பேரப்பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கட்டணம் எவ்வளவு? வீட்டு வாசல்வரை வண்டி வருமா? ஆங்கிலம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா? கட்டடம் எத்தனை மாடி? இவ்வளவும் கேட்டறியும் பெரியவர்களுள், "அங்கே பாடம் சொல்பவர் யார்? அவர் யாரிடம் கற்றார்? அவருக்கு எதில் ஈடுபாடு?" என்று கேட்போர் மிகச் சிலரே. கோயிலுக்குச் சென்று, மூலவர் யாரென்று கேளாமல் கோபுரத்தின் உயரத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது போன்றது அது.

நிலம், மலை, துலாக்கோல், மலர்

ஆசிரியர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்குத் தமிழில் நெடுங்காலத்துக்கு முன்பே விடை எழுதப்பட்டுள்ளது. 13ஆம் நூற்றாண்டில் சமண முனிவராகிய பவணந்தி, சீயகங்கன் என்னும் சிற்றரசனின் விருப்பத்திற்கிணங்க நன்னூல் என்னும் இலக்கணத்தை இயற்றினார். எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குமுன், பாயிரத்திலேயே நூலைக் கற்பிப்பவரின் இயல்பை அவர் வகுத்துரைத்தார். அருள், தெய்வம் பேணும் கொள்கை, பல நூல் பயின்ற தெளிவு, எடுத்துரைக்கும் வன்மை, உலகியல் அறிவு ஆகியன வேண்டும் என்றவர், அவற்றோடு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கையும் நல்லாசிரியருக்கு உவமையாக்கினார்.

நிலம் பரந்தது, எவ்வளவு பாரத்தையும் தாங்குவது, உழுபவன் முயற்சிக்கேற்பப் பயன் தருவது. துலாக்கோல் ஐயமுற்றவருக்கு உண்மையை உணர்த்துவது. ஒரு பக்கம் சாயாதது. மலர் மங்கலச் செயல்களுக்கெல்லாம் வேண்டுவது. மென்மையாலும் மணத்தாலும் யாவரையும் மகிழ்விப்பது. மலையோ அளந்து காண முடியாத பெருமையும் பல்வகைப் பொருளும் உடையது, அசைக்க முடியாதது, தொலைவிலிருந்தும் தெரிவது, மழை பொய்த்த காலத்திலும் தன்னிடத்து ஊறும் நீரால் அடுத்தவர்க்கு வளம் அளிப்பது. ஜவ்வாது மலையை நாள்தோறும் பார்த்து எழுபவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டுவதில்லை. சமவெளிக் கிணறு வற்றிய பின்னும் மலைச்சுனையில் நீர் கிடக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் பவணந்தியார் நான்கு உவமைகள் கூறினார். கழற்காய் இட்ட குடம் ஒன்று: இட்ட முறையில் அதிலிருந்து காய் வெளிவராது, வரிசை குழம்பிப் பாடம் சொல்பவர் இத்தகையவர். கருக்கு மட்டை சூழ்ந்த பனை மற்றொன்று: எவரையும் ஏறவிடாது, தானாகக் கனி விழுந்தால் உண்டு. பஞ்சடைத்த குண்டிகை மூன்றாவது: நிரப்புவதும் அரிது, எடுப்பதும் அரிது; சிறிது சிறிதாகவே அதிலிருந்து பஞ்சு வெளிப்படும். வளைந்த தென்னை நான்காவது: ஒருவர் தோட்டத்தில் நீருண்டு அடுத்தவர் தோட்டத்தில் காய் உதிர்ப்பது. ஊதியம் பெறும் வகுப்பில் உறங்கி, மாலையில் தனிப்பயிற்சியில் மட்டும் உற்சாகம் கொள்பவர் எக்காலத்திலும் உண்டு என்பதைப் பழைய இலக்கண ஆசிரியரும் அறிந்திருந்தார் போலும்.

இந்த நன்னூலைப் பிழையற அச்சிட்டு, எளிய காண்டிகையுரையும் எழுதி மாணாக்கர் கையில் சேர்த்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். உவமையை ஏட்டில் விளக்கியதோடு அமையாமல், மலை போன்ற ஆசிரியராக அவர் வாழவும் முயன்றார். அவர் தொடங்கிய சிறு பள்ளியும், அதில் பாடம் சொன்னவர்களின் வரலாறும், பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும் பெரியோர் ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தக்கவை.

வேலையை விட்டவர் தொடங்கிய பள்ளி

நாவலர் 1822 டிசம்பர் 18 அன்று நல்லூரில் கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாகப் பிறந்தார். தந்தையார் ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தபோதே இறைவனடி சேர்ந்தார் என்றும், எஞ்சிய பகுதியை ஒன்பது வயதுச் சிறுவர் ஆறுமுகமே எழுதி நிறைவு செய்தார் என்றும் அவருடைய வரலாறு கூறுகிறது. தமிழை அவர் சரவணமுத்துப் புலவரிடமும், அப்புலவரின் ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராய முதலியாரிடமும் கற்றார். ஆங்கிலத்தை வெசுலியன் பாதிரிமார் நடத்திய பள்ளியில் கற்றார். பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியராக அமர்ந்தார். அதன் தலைவர் பீட்டர் பார்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்கு உறுதுணையாகவும் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் தம் சிவபக்தியை அவர் விட்டாரில்லை.

பாதிரிமார் பள்ளியில் அவர் இரண்டு செய்திகளைக் கண்டார். வகுப்பு வகுப்பாகப் பிரித்து, அச்சிட்ட புத்தகம் கொண்டு, ஒழுங்காகக் கற்பிக்கும் முறை ஒன்று. அம்முறையில் பயிலும் சைவப் பிள்ளைகள் தேவாரமும் திருநீறும் அறியாமல் வளர்வது மற்றொன்று. முன்னதைப் பழிக்காமல் கற்றுக்கொண்டார். பின்னதற்கு மாற்றுத் தேடினார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு, 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமார் பள்ளியில் பெற்றுவந்த ஊதியத்தையும் மதிப்பையும் துறந்து, இருபத்தைந்து வயதில் முழுநேரமும் தம் பள்ளிக்கே உரியவரானார். இல்லறத்திலும் அவர் புகவில்லை.

கட்டடத்துக்கு வழி தேடுமுன் ஆசிரியர்களுக்கு வழி கண்டதே நாவலரின் நுட்பம். தம்மிடம் பாடம் கேட்ட இளைஞர்களையே அவர் ஆசிரியர்களாக்கினார். அவர்களுள் ஒருவர் நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை. 1849இல் அச்சியந்திரம் வாங்குவதற்காக நாவலர் சென்னைக்குப் புறப்பட்டபோது உடன் சென்றவர் அவரே. அப்பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்த மகாசந்நிதானம் ஆறுமுகம்பிள்ளைக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை அளித்தருளினார். யாழ்ப்பாணம் கொண்டுவந்த யந்திரத்தை அவர் வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டு நிறுவினார். பிள்ளைகளின் வயதுக்கேற்பப் படிப்படியாக அமைந்த பாலபாடங்கள் அச்சேறின. திருத்தொண்டர் வரலாறுகளை எளிய வசனத்தில் கூறும் பெரியபுராண வசனம் 1852இல் வெளிவந்தது. 1864இல் தில்லைக் கூத்தன் சந்நிதியை நாடி, சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

அவர் எடுத்த காரியங்கள் எல்லாம் கைகூடவில்லை. 1872இல் சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். போதிய பொருள் சேராமையால் சில ஆண்டுகளில் அதனை மூட நேர்ந்தது. ஆனால் அந்த எண்ணம் அழியவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1888இல் அமைந்த சைவ பரிபாலன சபையாரின் முயற்சியால் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. 1877இல் பஞ்சம் வந்தபோது, பள்ளிக்கும் அச்சுக்கும் பொருள் தேடி அலைந்த அதே நாவலர், வீடுவீடாகத் தருமம் வேண்டிக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். வறண்ட காலத்திலும் மலை வளம் தரும் என்று பவணந்தியார் சொன்னதன் பொருளை யாழ்ப்பாணத்தார் அவ்வாண்டில் கண்ணாற் கண்டனர்.

ஒவ்வொருவர்க்கும் ஒரு வேட்கை

நாவலர் 1879 டிசம்பர் 5 அன்று சிவபதம் எய்தினார். ஒருவருடைய உயிரில் நின்ற பள்ளி அவரோடு முடிந்திருக்க வேண்டும். அவ்வாறு முடியாததற்குக் காரணம், அங்கே பாடம் சொன்னவர்களும் அவர்களைச் சூழ இருந்தவர்களும் தத்தமக்கென ஒரு வேட்கை உடையவர்களாய் இருந்தமையே. சதாசிவப்பிள்ளை சிதம்பரத்துப் பள்ளியையும் அச்சுக்கூடத்தையும் பேணுவதே தம் வாழ்வெனக் கொண்டார். நாவலரின் மருகரான வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளைக்குக் காவியங்களிலும் புராணங்களிலும் தீராத ஈடுபாடு. பாட்டைப் பிரித்துப் பொருள் விரிப்பதில் அவருக்கு நிகரில்லை எனப் பெயர் பெற்றார். வண்ணார்பண்ணைப் பள்ளியில் ஆசிரியராயிருந்த செந்திநாதையர் சித்தாந்தத்திலும் வடமொழியிலும் தோய்ந்தவர். பின்னாளில் காசியில் பல ஆண்டுகள் தங்கிக் 'காசிவாசி' என்று அழைக்கப்பெற்றார். நீலகண்ட பாடியத்தைத் தமிழில் தந்தார்.

சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அடுத்த தலைமுறையில் அப்பள்ளியில் தலைமை ஏற்றவர். வடமொழி இதோபதேசத்தைத் தமிழாக்கியவர் அவர். மறைந்த புலவர்களின் பெயரும் வரலாறும் அழிந்துபோகக் கூடாதே என்ற கவலையால் 1916இல் தமிழ்ப் புலவர் சரித்திரம் எழுதினார். நாவலரின் தமையனார் மகனான கைலாசபிள்ளை, சிறிய தந்தையாரின் வரலாற்றை எழுதினார். வண்ணார்பண்ணையில் காவிய பாடசாலை நடைபெறவும் துணை நின்றார்.

இவர்களிடம் பயின்றவர்களைப் பார்த்தால் மரபின் ஓட்டம் விளங்கும். பொன்னம்பலபிள்ளையிடமும், அவருக்குப் பின் குமாரசுவாமிப் புலவரிடமும் பாடம் கேட்ட கணேசையர், தொல்காப்பிய உரைகளுக்கு அரிய குறிப்புகள் எழுதினார். காவிய பாடசாலையில் பயின்ற மட்டுவிற் கணபதிப்பிள்ளை, பண்டிதமணி எனப் போற்றப்பெற்று, திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் நெடுங்காலம் ஆசிரியர்களுக்கே ஆசிரியராக விளங்கினார். இங்கே குறிப்பிடப்படும் திருநெல்வேலி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஊர். 1848இல் ஊதியம் துறந்த ஓர் இளைஞரின் முயற்சி, 1986இல் மறைந்த பண்டிதமணி வரையில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி வந்திருக்கிறது. சிதம்பரத்தில் நாவலர் பெயரால் இன்றும் பள்ளி நடைபெறுகிறது.

நாவலரின் பள்ளியைப் போற்றும்போது அதன் எல்லையையும் கூறுவதே முறை. அக்காலத்துச் சாதிக் கட்டுப்பாட்டை அவர் ஏற்றவர். தம் நூல்களில் அதனை வலியுறுத்தியும் எழுதினார். ஆதலின் அவர் ஏற்றிய விளக்கின் ஒளி எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டவில்லை. அவர் விளக்கிய நன்னூலோ நிலத்தையும் துலாக்கோலையும் ஆசிரியருக்கு உவமையாக்குகிறது. நிலம் உழுபவனின் முயற்சியைப் பார்க்கும், குடியைப் பாராது. நாவலர் விட்ட குறையை நிறைவு செய்யும் கடமை பின்வந்தவர்களுடையது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் பழங்குடிப் பிள்ளையும், கடைத்தெரு வணிகர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே ஆசிரியரிடம் பயிலும்போதுதான் அந்த உவமை முழுமை பெறும்.

வேட்கை கைமாறுவதற்கு ஆலங்காயத்துக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. மலைமேல் காவலூரில் உள்ள வான் ஆய்வகம் 1968இல், 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய தொலைநோக்கியோடு தொடங்கியது. அவ்விடத்தைத் தேர்ந்து வளர்த்தவர் வைணு பாப்பு. அவருடைய தந்தையார் ஐதராபாத் நிசாமியா வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். தந்தையின் தொழிலிடத்தில் விண்மீன்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, இந்திய வானியலுக்கே வழிகாட்டியானார். காவலூரில் பெரிய தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே செய்து நிறுவ வேண்டும் என்று உழைத்தவர், அது முடிவதைக் காணாமலே 1982இல் மறைந்தார். 1986இல் அத்தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. நாவலர் பற்றியது சிவநெறி. பாப்பு பற்றியது வானநெறி. தாம் தொடங்கியதைப் பிறர் கையில் விட்டுச் சென்றதில் இருவரும் ஒருவரே.

பெரியோர் செய்யத் தக்கது

சிறு தனியார் பள்ளிகளில் பணிபுரிவோருள் பலர் குறைந்த ஊதியத்தில் காலம் கழிப்பவர்கள் என்பதை ஊரறியும். கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியை ஓதுவார் ஒருவரிடம் பண் பயின்றவராக இருக்கலாம். அறிவியல் ஆசிரியர் விடுமுறை நாளில் மலையேறி மூலிகை தேடுபவராக இருக்கலாம். தமிழாசிரியர் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவராக இருக்கலாம். இத்தகைய ஈடுபாட்டைக் கேட்டறிவாரும் பாராட்டுவாரும் இல்லையாயின், அது பாடப்புத்தகத்துக்கும் தேர்வுத்தாளுக்கும் நடுவே மெல்ல வற்றிப்போகும். வற்றிய பின் இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. அவர் முன் அமர்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் உரியது.

இதில் இல்லத்துப் பெரியவர்களுக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. தாய் தந்தையர் வேலைக்குச் சென்றுவிட, பள்ளி வாசலில் பிள்ளையை விடுபவரும் அழைத்து வருபவரும் பல வீடுகளில் தாத்தாவும் பாட்டியுமே. மதிப்பெண்ணைப் பற்றி ஆசிரியரிடம் கேட்பதற்கு முன், அவர் எந்த ஊர், யாரிடம் கற்றவர், எதை விரும்பிப் படிக்கிறார் என்று இரண்டு சொல் பேசலாம். பண் அறிந்த ஆசிரியையை மார்கழித் திருப்பாவை, திருவெம்பாவை வழிபாட்டில் பிள்ளைகளோடு பாடும்படி கோயிலார் வழியாக வேண்டிக்கொள்ளலாம். கல்வெட்டறிந்த ஆசிரியரை ஊர்க்கோயில் சுவரில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டச் சொல்லலாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். தாம் கற்பித்த வகையை இளைய ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்களுக்கு ஒரு சிவத்தொண்டு. நாவலர் தம் மாணாக்கரையே ஆசிரியராக்கிய வழியும் அதுதான்.

வியாழக்கிழமைதோறும் தென்முகக் கடவுளுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தி விளக்கேற்றும் குடும்பங்கள் பல. அர்ச்சனை செய்விக்கும்போது பேரப்பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் தவறாமல் சொல்லப்படும். பிள்ளைக்குக் கல்வி வளர வேண்டும் என்ற வேண்டுதலும் உடன் எழும். இனி வரும் வியாழக்கிழமையில், அந்தப் பெயரோடு அதற்குப் பாடம் சொல்லும் ஆசிரியரின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கு முதலில் அப்பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.